கீழே ஏசி, மேலே வரலாறு: ஒரு வருடம் படித்தவனின் விமர்சனம்

ஆஃப்செட் மெஷின் முன்னால் 22 வருடம் நின்றவன் நான். அச்சகம் மூடியபோது எனக்கு வயது 46. அந்த வயதில் மாலைக் கல்லூரியில் ஒரு வருடச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தேன்: வெப்பமூட்டல், குளிரூட்டல் தொழில்நுட்பம். ஏசி மெக்கானிக் படிப்பு என்றால் எல்லோருக்கும் புரியும். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, சான்றிதழ் வேண்டுமானால் பொதுப் பாடம் ஒன்றும் எடுத்தாக வேண்டுமாம். இருந்தவற்றில் பட்டறை முடிகிற நேரத்துக்குச் சரியாக ஒத்துவந்தது வரலாறு ஒன்றுதான். பிடித்து எடுத்தேன் என்று சொன்னால் பொய். கீழ்த்தளத்தில் பட்டறை, இரண்டாவது மாடியில் வரலாறு. குழாயை இணைக்கும்போது பூசும் ஃப்ளக்ஸின் வாசனை கையில் இருக்க, அப்படியே படி ஏறுவேன்.

சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள், அதனால் இரண்டையும் பற்றி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்படிப்பட்ட படிப்பு நடக்கும் எந்த இடத்துக்கும் இது ஓரளவு பொருந்தும்.

முதலில் பட்டறை. முதல் இரண்டு மாதம் செம்புக்குழாயோடுதான் குடித்தனம். வெட்டு, பிசிறு எடு, வளை, ஃப்ளேர் பண்ணு. குழாயின் வாயை அழகாக விரித்துவிட்டு, நட்டை முன்னாலேயே கோக்க மறந்ததை உணர்ந்து விழிக்காத மாணவன் எங்கள் பேட்ச்சில் ஒருவன்கூட இல்லை. நான் மூன்று முறை விழித்தேன். பயிற்றுநர் சிரிக்கவே மாட்டார். "நட்டு எங்கே?" என்று மட்டும் கேட்பார். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் குழாயைக் கொடுத்தாலும் முதலில் நட்டைத்தான் தேடுவேன்.

பிரேசிங், அதாவது உருகும் கம்பியால் குழாய்களை ஒட்டவைப்பது, கற்றுக்கொடுத்த விதத்துக்கு முழு மதிப்பெண். கம்பியைச் சுடரில் காட்டி உருக்கக் கூடாது. இணைப்பைச் சூடாக்க வேண்டும், செம்பின் சூட்டில் கம்பி தானாக உருகி இடுக்குக்குள் இழுபட்டுப் போக வேண்டும். இதைப் புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் வராது, கையில்தான் வரும். 22 வருடம் மையின் கெட்டித்தன்மையை விரலால் பார்த்தவனுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்தது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு பெரிய குறை. பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜனை மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் காற்றில் செம்பு கருகிப் பொருக்குத் தட்டும். அந்தக் கருப்புப் பொருக்கு பிற்பாடு உதிர்ந்து போய் குறுகலான வழிகளான எக்ஸ்பான்ஷன் வால்வையோ கேபிலரி குழாயையோ அடைக்கும். இதை முதல் வகுப்பிலேயே சொன்னார்கள், கரும்பலகையில் கோடு போட்டுச் சொன்னார்கள். அப்புறம் இரண்டு மாதம் நைட்ரஜன் சிலிண்டர் காலியாகவே நின்றது. "வரும், வரும்" என்றார்கள். நாங்கள் நைட்ரஜன் இல்லாமலே பிரேசிங் பழகினோம். செய்யக் கூடாததை 60 நாள் செய்து பழகினால், அது கை விட்டுப் போக எத்தனை நாள் ஆகும்? சிலிண்டர் வந்த அன்று, நான் பழைய இணைப்பு ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். அடுப்புக்கரி மாதிரி இருந்தது உள்ளே.

அழுத்தம் பார்க்கும் மேனிஃபோல்ட் கேஜ் செட் ஆறு பேருக்கு ஒன்று. பயிற்சி யூனிட்டுகளில் பாதி ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயுவின் காலத்தவை. பழைய யூனிட்டில் பழகுவது தப்பில்லை, ஆனால் வேலைக்குப் போனால் கையில் வருவது ஆர்-410ஏ, ஆர்-32. சுமார் 4 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்போது ஆர்-22 காட்டும் அழுத்தம் ஏறக்குறைய 68 பி.எஸ்.ஐ. அதே வெப்பநிலையில் ஆர்-410ஏ காட்டுவது 118. பழைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு புது யூனிட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மின்சாரப் பகுதியில் கெப்பாசிட்டர், கான்டாக்டர், ரிலே எல்லாம் நன்றாகவே நடந்தது. கம்ப்ரஸரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் போர்டு என்று வந்தபோது "அது கம்பெனிக்காரன் பார்த்துப்பான்" என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது.

வெப்பமூட்டல் என்ற சொல் படிப்பின் பெயரில் முதலில் இருக்கிறது. வகுப்பில் கடைசி மூன்று வாரம்தான் வந்தது. ஏசியைத் திருப்பி ஓட்டி அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பின் ரிவர்சிங் வால்வை ஒரு மணி நேரத்தில் பலகையில் வரைந்து அழித்துவிட்டார்கள். கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில், சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொல்லக்கூடிய இந்த விஷயத்துக்கும் ஒரே ஒரு மாலைதான். குளிரூட்டலில் தப்பு செய்தால் பெரும்பாலும் வியர்க்கும், அவ்வளவுதான். இதில் தப்பு செய்தால் உயிர். நேரத்தைத் தலைகீழாகப் பிரித்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சரி, மாடிக்குப் போவோம்.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். ஏசியை ஏன் "டன்" கணக்கில் சொல்கிறோம்? ஒன்றரை டன் ஏசியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கீழே கேட்டேன். "ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு., எழுதிக்கோ" என்றார் பயிற்றுநர். எழுதிக்கொண்டேன் (பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு). தேர்வில் வந்தது, மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் பதில் கிடைக்கவில்லை.

பதில் மாடியில் கிடைத்தது. வரலாற்றுப் பேராசிரியை ஒருநாள் பனிக்கட்டி வணிகத்தை எடுத்தார். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளை வெட்டி, பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார்கள். பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடெரிக் டியூடர் 1806-இல் முதல் சரக்கை மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பியபோது ஊரே சிரித்தது. 1833-இல் அவருடைய பனிக்கட்டி கல்கத்தாவுக்கே போனது. கிளம்பும்போது 180 டன், நான்கு மாதப் பயணம், இறங்கும்போது ஏறத்தாழ 100 டன். நடுவில் இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்டியிருக்கிறது! மரத்தூளை நான் அதற்குமுன் இவ்வளவு மரியாதையோடு நினைத்ததில்லை.

அப்புறம் பனிக்கட்டி செய்யும் இயந்திரம் வந்தது. வாங்குகிறவன் என்ன கேட்பான்? "இது ஒரு நாளைக்கு எத்தனை டன் பனிக்கட்டிக்குச் சமம்?" என்றுதான் கேட்பான். ஒரு பவுண்டு பனிக்கட்டி உருக 144 பி.டி.யு. வேண்டும். அவர்கள் கணக்கில் டன் என்பது 2,000 பவுண்டு. பெருக்கினால் 2,88,000. 24 மணி நேரத்தால் வகுத்தால் 12,000. நான் நோட்டின் ஓரத்தில் இந்த வகுத்தலைப் போட்டு முடித்தபோது, வகுப்பு என்பதையே மறந்து "அட!" என்று சொல்லிவிட்டேன். பேராசிரியை திரும்பிப் பார்த்தார். நான் விளக்கினேன். அவருக்கு ஏசியில் டன் என்று ஒரு அளவு இருப்பது தெரியும், ஆனால் அது இந்தப் பனிக்கட்டிதான் என்று அதுவரை யோசித்ததில்லையாம். அன்றிலிருந்து வகுப்பில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

அடுத்தது எனக்கென்றே நடத்தியது போல இருந்தது. 1902, நியூயார்க்கின் புரூக்ளின், ஒரு வண்ண அச்சகம். கோடையில் காற்றில் ஈரம் ஏறினால் தாள் உப்புகிறது, ஈரம் இறங்கினால் சுருங்குகிறது, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாக உட்கார மறுக்கிறது. வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளரிடம் வேலை வருகிறது. குளிர்ந்த சுருள்குழாய்களின் மேல் காற்றை ஓட்டி, ஈரத்தை இறக்கி, அறையின் ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்தும்படி வடிவமைக்கிறார். நவீன ஏர்கண்டிஷனிங் தொடங்கிய இடம் அது என்று சொல்வார்கள். மனிதனுக்கு வியர்க்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை, தாளுக்கு வியர்த்ததுதான் பிரச்சினை.

வகுப்பில் மற்றவர்களுக்கு அது ஒரு தகவல். எனக்கு அது 22 வருட மழைக்காலம். ஒற்றை வண்ண மெஷினில் மஞ்சளை அடித்து அடுக்கிவிட்டு, மறுநாள் நீலம் அடிப்பதற்குள் தாள் ஒரு முடியளவு நீண்டிருக்கும். படத்தில் இருப்பவருக்கு இரண்டு உதடு வந்துவிடும். ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது, விலகியதற்கு நான் வாங்காத திட்டு இல்லை. அந்தப் புரூக்ளின் அச்சகத்தில் மெஷின் ஓட்டியவரும் வாங்கியிருப்பார். அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. இதைக் கட்டுரையில் எழுதினேன். பேராசிரியை கோடு போட்டு, "இதுதான் கேள்வி" என்று எழுதியிருந்தார்.

அதே கட்டுரையில் இன்னொரு இடத்தில் சிவப்பு மை. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்ற பத்திரிகைக்காரர் 1850-களில் ஈதரை வைத்துப் பனிக்கட்டி இயந்திரம் செய்தார். அச்சு எழுத்துகளை ஈதரால் துடைக்கும்போது உலோகம் சில்லிட்டதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை. மறுபடியும் அச்சகம் என்று குஷியாகி, உறுதியாக எழுதிவிட்டேன். "யார் சொன்னது? எப்போது சொன்னார்? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று ஓரத்தில் மூன்று கேள்வி. இயந்திரத்துக்குக் காப்புரிமை ஆவணம் இருக்கிறது, கதைக்கு என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். முதலில் எரிச்சலாக இருந்தது. நல்ல கதையைக் கெடுக்கிறாரே என்று.

அந்த மூன்று கேள்வியை நான் எங்கே பயன்படுத்தினேன் தெரியுமா? கீழே, பட்டறையில்.

ஏசி குளிரவில்லை என்றால் வாடிக்கையாளர் சொல்வது ஒன்றே: "கேஸ் தீர்ந்துபோச்சு." நம் ஆளும் கேஜை மாட்டுவான், தாழ்பக்க அழுத்தம் குறைவாக இருக்கும், "ஆமா, கேஸ் கம்மி" என்று ஏற்றிவிடுவான். ஆனால் அழுத்தம் குறைய வேறு காரணமும் உண்டு. ஃபில்டர் அடைத்துக்கொண்டு காற்று போகாவிட்டாலும் அதே அழுத்தம்தான் குறையும். அதனால் சூப்பர்ஹீட் பார்க்க வேண்டும். ஆர்-410ஏ யூனிட்டில் கேஜ் 118 காட்டினால் உள்ளே கொதிப்பது சுமார் 4 டிகிரியில். கம்ப்ரஸருக்குத் திரும்பும் சக்ஷன் குழாயைத் தொட்டு அளந்தால் 10 டிகிரி. வித்தியாசம் 6, இதுதான் சூப்பர்ஹீட். கேஸ் குறைந்திருந்தால் இந்த வித்தியாசம் எகிறும். காற்று அடைபட்டிருந்தால் சுருங்கும். கேஜ் ஒரு சாட்சி. அந்தச் சாட்சி பொய் சொல்லவில்லை, ஆனால் முழுக்கவும் சொல்லவில்லை. இரண்டாவது சாட்சியைக் கூப்பிடாமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

இந்தக் கணக்கு பட்டறைப் பாடத்திலேயே இருக்கிறது, அட்டவணையாக இருக்கிறது. ஆனால் அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் தேர்வு முடிந்ததும் கேஜை மட்டும்தான் பார்த்தார்கள். நானும் மேலே போய் மூன்று கேள்வி வாங்கியிருக்காவிட்டால் அப்படித்தான் செய்திருப்பேன்.

வரலாற்று வகுப்பறையின் ஏசியே இதற்கு உதாரணம் ஆகிவிட்டது. அது ஓடும், குளிராது. ஒரே பருவத்தில் மூன்று முறை ஆள் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போனதாகப் பேராசிரியை சொன்னார். மூன்று முறையும் ஒரே வைத்தியம் என்றால் நோயை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒருநாள் வகுப்பு தொடங்கும் முன் முகப்பைத் திறந்து ஃபில்டரை உருவினேன். கம்பளி மாதிரி வந்தது. கழுவி மாட்டினேன். கொஞ்சம் தேறியது, முழுக்க இல்லை. இப்போது கேஸ் அதிகமாக இருந்தது! அதை எடுக்க எனக்கு அனுமதி இல்லை, கீழே சொன்னேன். எங்கள் பயிற்றுநர் மாடிக்கு வந்து, அளந்து, மிகுதியைச் சிலிண்டருக்கு மீட்டெடுத்தார். அந்த ஒரு வருடத்தில் அவர் மாடி ஏறியதும், பேராசிரியையும் அவரும் பேசிக்கொண்டதும் அன்று மட்டும்தான். பயிற்றுநர் டன் பற்றிக் கேட்டார், பேராசிரியை பனிக்கட்டியைச் சொன்னார். வகுப்பு இருபது நிமிடம் தாமதம். யாரும் வருத்தப்படவில்லை.

மிகுதியை ஏன் காற்றில் விடாமல் மீட்டெடுக்க வேண்டும் என்பதும் கீழே ஒரு வரி விதி: விட்டால் தண்டனை. மேலே அது இரண்டு வாரம். ஆரம்பகால ஃபிரிட்ஜுகளில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. கசிந்தால் ஆபத்து. 1928-இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லியும் கூட்டாளிகளும் விஷமில்லாத, தீப்பிடிக்காத சி.எஃப்.சி. வாயுவைக் கொண்டுவருகிறார்கள். 1930-இல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டுகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் அதிலுள்ள குளோரின் ஓசோனைத் தின்னும் என்று எழுதுகிறார்கள். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிடுகிறார்கள். 1987-இல், அப்படிப்பட்ட வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க மான்ட்ரியல் உடன்படிக்கை. குளோரின் இல்லாத வாயுக்கள் வருகின்றன. அவை ஓசோனை விட்டுவிட்டன, பூமியைச் சூடாக்குகின்றன. ஆர்-410ஏ-யின் ஒரு கிலோ, நூறு ஆண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடின் 2,000 கிலோவுக்கு மேல் சமம். 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் அவற்றையும் குறைக்க ஒப்புக்கொள்கிறார்கள். இப்போது புரொப்பேன், அதாவது ஆர்-290, வந்துகொண்டிருக்கிறது. தீப்பிடிக்கும் என்று ஒருகாலத்தில் ஒதுக்கிய சாதிதான்.

என் பக்கத்து இருக்கைத் தம்பி, வயது 19, கீழேயும் மேலேயும் என்னோடு படித்தவன், இதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, அப்போ நாம இப்ப கத்துக்கிற கேஸும் போயிடுமா?" என்றான். போகும்தான். அதற்குத்தான் எண்ணைவிட முறை முக்கியம்.

வரலாற்று வகுப்பிலும் குறை இல்லாமல் இல்லை. வாசிக்கத் தரும் பக்கங்கள் வேலைக்குப் போகிறவனுக்குக் கொஞ்சமும் இரக்கம் காட்டாதவை. வாரம் 80 பக்கம். அதைவிட மோசம் தேர்வு. வகுப்பு முழுக்க "ஏன், யார் சொன்னது" என்று கேட்டுவிட்டு, வினாத்தாளில் "எந்த ஆண்டு" என்று கோடிட்ட இடம். வினாத்தாள் பேராசிரியையின் கையில் இல்லையாம், பொதுவாக வருகிறதாம். கார்ரியின் ஆண்டு கேட்டார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காய்ச்சல் நோயாளிகளைக் குளிர்விக்கப் பனிக்கட்டி இயந்திரம் செய்த மருத்துவர் ஜான் கார்ரி. கெட்ட காற்றுதான் மலேரியாவைத் தருகிறது என்று நம்பியவர். காரணம் தப்பு, கருவி சரி. இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தயாராகப் போனேன். கேட்டது காப்புரிமை ஆண்டு மட்டும். 1851. எழுதினேன், ஒரு மதிப்பெண்.

மதிப்பெண் போடச் சொன்னால்: பட்டறைக்கு ஐந்தில் மூன்று. பயிற்றுநரின் கைக்கு ஐந்து, சிலிண்டருக்குப் பூஜ்யம், சராசரி இரண்டரை, கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். வரலாற்றுக்கு நாலு, தேர்வை எடுத்துவிட்டால் நாலரை. ஏசி வேலைக்கு மட்டும் என்று வருகிறவர்கள், பொதுப் பாடத்தில் எது சுலபம் என்று விசாரிக்காமல் வரலாறு இருக்கிறதா என்று பாருங்கள். வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்குப் பட்டறையில் ஒரு வாரமாவது இடம் கொடுத்தால் நன்றாக இருக்கும். வாக்கூம் பம்ப்பை மாட்டி அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் மிகச் சிறிய அழுத்த அலகு) இறக்கி, குழாய்க்குள் இருக்கும் ஈரம் சூடே இல்லாமல் கொதித்து வெளியேறுவதைப் பார்க்கட்டும். 1750-களில் ஸ்காட்லாந்தில் வில்லியம் கல்லன் பம்ப்பால் காற்றை இழுத்து ஈதரைக் கொதிக்கவைத்துக் குளிரை உண்டாக்கிக் காட்டியது அதே சங்கதிதான். நிர்வாகத்திடம் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு துறை என்றார்கள்.

அடுத்த வருடம் மேல்நிலைப் படிப்பு இருக்கிறது, வணிகக் குளிர்சாதனமும் ஹீட் பம்ப்பும். பதிவு செய்துவிட்டேன். பணம் கட்டும் முன் பட்டறைக்குப் போய் நைட்ரஜன் சிலிண்டரின் ரெகுலேட்டரை நானே திறந்து, முள் நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நகர்ந்தது.